பலகாரத்துக்குத் தோஷமில்லை

அரியலூர்
14.10.2002

புவனாவுக்கு அத்தை எழுதுவது.

இதை உன் அப்பாவுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பிக்கு இதை எழுதக் கை வரவில்லை. நீ பன்னிரண்டாவது வரை படித்தவள், புரிந்துகொள்வாய் என்று உனக்கு எழுதுகிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. உனக்கும் என் மகன் ராஜராஜனுக்கும் பேசியிருந்த கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்திருந்த உன் அப்பாவும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துப் பெயரையும் எண்களையும் எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். அழகேசன், பாடாலூர், 386. கொழுப்பு நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டுமாம். அந்தத் தாளிலேயே அதைவிடப் பெரிய எண் இல்லை. தெருவில் நான்கு பேர் என்னை நிறுத்திக் கேட்டுவிட்டார்கள்.

உன் மாமா நாற்பத்தெட்டு வயதில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். கொழுப்பு அடைத்துவிட்டது என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று முகாமுக்கு வந்த டாக்டரே சொன்னார். ராஜராஜனுக்கு அப்பா வழியில் அந்தப் பயம் ஏற்கெனவே இருக்கிறது. உன் வழியிலும் இருந்தால் பிறக்கிற பிள்ளைகளின் கதி என்ன? இன்னொரு சாவைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆவணியில் உன் தலையில் நான் வைத்த பூவை மறந்துவிடு. சேலை உன்னிடமே இருக்கட்டும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

அமிர்தவல்லி


பாடாலூர்
21.10.2002

அத்தைக்கு,

பக்குவமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அந்த வேலையே இல்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே பக்கத்துக் கொல்லைக் காத்தாயி வாசலில் வந்து நின்று, "ஒங்களுக்கு ரத்தத்துல வியாதியாமுல்ல, அதனாலதான் ஒங்க அக்கா பொண்ணு வேணாம்னுட்டாங்களாமுல்ல" என்று அப்பாவிடமே கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு எழுதும் முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்றுவிட்டார். மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி. மோரைக்கூடத் தள்ளி வைக்கிறார். வெங்காய வயலில் களை எடுக்கக் குனிந்தவர் நேற்று தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவர் படாத கோபத்தையும் சேர்த்து நானே படுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவின் உடம்பில் ஓடுவது யார் கொடுத்த ரத்தம்? உங்களைப் பெற்றவர்கள்தானே அவரையும் பெற்றார்கள்? அந்த முகாமில் நீங்கள் கை நீட்டினீர்களா?

இந்தக் கொலஸ்ட்ரால் என்பது என்ன, அதை எப்படி அளக்கிறார்கள் என்று நான் படிக்கப் போகிறேன். உங்களுக்குக் கெட்டது நடக்க வேண்டும் என்று சாமி கும்பிட மாட்டேன். அதைச் சாமியிடம் விட எனக்கு மனமில்லை. என் கையாலேயே செய்ய வேண்டும்.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
19.7.2004

அத்தைக்கு,

ராஜராஜனுக்குக் கல்யாணம் நடந்ததும் குழந்தை பிறந்ததும் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

திருச்சியில் ஓராண்டு லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துவிட்டு, இப்போது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். தினமும் விடியற்காலையில் பெஞ்சு நிறைய ஆட்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். கொழுப்பு பார்க்க வேண்டும் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். முதல் வாரம் நம்பினேன். பிறகு ஒரு பெரியவர், "சாப்பிடலம்மா, நாலு இட்லி மட்டும்தான்" என்றார். அன்று மாலையே பஸ் ஏறி வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன், முகாம் நடந்த அன்று காலையில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று.

யோசிக்காமல் சொன்னார். இட்லி, உளுந்து வடை, நெய் மிதக்கும் கேசரி. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. நம் வீட்டு வழக்கப்படி சோறு கிடையாது, பலகாரம் மட்டும். "வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களேக்கான்னு கேட்டேன். சோறுதான்டா ஆகாது, பலகாரத்துக்குத் தோஷமில்லைன்னு அக்காதான் தட்டுல வச்சாங்க" என்றார்.

பெருமாளுக்கு அது விரதமாக இருக்கலாம். ரத்தத்துக்கு அது விருந்து. சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் எடுத்தால் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு எகிறத்தான் செய்யும். சுவரில் நீங்கள் பார்த்த 386 அதுதான். அதற்குப் பக்கத்திலேயே முதல் கட்டத்தில் கொலஸ்ட்ரால் என்று போட்டு இன்னொரு எண் இருந்திருக்கும். முகாமில் கையில் கொடுத்த சீட்டை அப்பா இன்னும் வைத்திருக்கிறார். அதில் 178. இருநூறுக்குள் இருந்தால் நல்லது. அதை நீங்கள் படிக்கவே இல்லை.

போன வாரம் அப்பாவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்ப எடுத்தோம். கொலஸ்ட்ரால் 174. டிரைகிளிசரைடு 132. நகல் இதோடு இருக்கிறது. அவருக்கு எந்த வியாதியும் இல்லை. இரண்டு வருஷம் கஞ்சி குடித்து ஒன்பது கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

நடந்த கல்யாணத்தைத் திருப்ப முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். வரும் ஆவணியில் காத்தாயி பேரனுக்குக் காது குத்து. சொந்தம் எல்லாம் வரும். அங்கே வந்து, என் தம்பி ரத்தத்தில் குற்றமில்லை, தப்பு என்னுடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னால் நான் விட்டுவிடுகிறேன்.

புவனேஸ்வரி


அரியலூர்
2.8.2004

புவனாவுக்கு,

நீ வேலை பார்க்கும் இடம், நீயே எழுதிய காகிதம். ஒரு எண்ணைக் குறைத்து எழுத எவ்வளவு நேரமாகும்? இதைக் காட்டி நாலு பேர் முன்னால் நான் தலை குனிய வேண்டும் என்கிறாய்.

அன்றைக்குப் பலகாரம் கொடுத்தது நிஜம். வீட்டுக்கு வந்த தம்பியைப் பட்டினி போட்டா அனுப்புவார்கள்? காது குத்துக்கு நான் வரப் போவதில்லை. இனி எனக்கு எழுதாதே.

அமிர்தவல்லி


அரியலூர்
29.9.2006

புவனேஸ்வரிக்கு,

எழுதாதே என்று சொன்ன நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

என் மகள் பூங்குழலிக்கு தா.பழூரில் இடம் பார்த்தோம். பையன் ஆசிரியர். அவனுடைய அண்ணன், பாவாடை என்று பெயர், மருந்துக்கடை வைத்திருக்கிறான். எல்லாம் கூடி வந்த நேரத்தில் அந்தப் பாவாடை, "ஒங்க தம்பி வூட்டுல ரத்தத்துல கோளாறுன்னு பொண்ணே எடுக்கலையாமே, அப்போ ஒங்களுக்கும் இருக்குமில்ல? ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டிடுங்க" என்றான். நான் ஊருக்குச் சொன்னது சுற்றிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டது.

போன சனிக்கிழமை இங்கேயே கடைத்தெருவில் ரத்தம் கொடுத்தேன். பெரம்பலூருக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை தாள் வந்தது. 432 என்று போட்டு, அடியில் உன் கையெழுத்து. பாவாடை அதைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டான். பூங்குழலி மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள்.

மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது. இந்த நிலைமையில் உன்னைக் கேட்கிறேன். அந்த எண்ணை நீ ஏற்றி எழுதினாயா?

அமிர்தவல்லி


பெரம்பலூர்
4.10.2006

அத்தைக்கு,

ஏற்றி எழுதவில்லை. ஒரு இலக்கத்தைக்கூட நான் தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை மதியம் அரியலூர்க் குழாய்கள் வந்தன. ஒன்றில் அமிர்தவல்லி, வயது 56 என்று இருந்தது. வேறு யாராகவாவது இருக்கும் என்றுதான் மெஷினில் போட்டுச் சுழற்றினேன். சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். உங்கள் குழாயில் பால் கலந்ததுபோல் வெள்ளையாக நின்றது. புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. என்ன சாப்பிட்டீர்கள் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. கேசரியில் நெய் அதேபோல் மிதந்ததா அத்தை?

அப்படி வெள்ளையாக வந்தால், சாப்பிட்ட பின் எடுத்த ரத்தம், மறுபடியும் எடுக்கவும் என்று குறிப்பு எழுத வேண்டும். அதற்காகவே தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவைத் திறந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள், அந்தக் கட்டம் காலியாக இருக்கும். கையெழுத்தை மட்டும் அழகாகப் போட்டேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். நான்கு வருஷத்தில் அப்படிச் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் கல் என்றெல்லாம் எழுதாதீர்கள். காரியம் ஆக வேண்டும் என்றால் உங்களுக்கு என்னவெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். அப்பா வயலில் தலை சுற்றி விழுந்ததை நான் எழுதியபோது நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புவனேஸ்வரி


அரியலூர்
9.10.2006

புவனா,

பலகாரத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. நீ 2004-ல் எழுதினாயே என்று கேட்பாய். படித்தேன். நம்பவில்லை. நம்பினால் நான் என் தம்பிக்குச் செய்தது எனக்கே தெரிந்துவிடும். அதனால் நம்பாமல் இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

தீபாவளிக்குள் வேறு ரிப்போர்ட் காட்டினால் பார்க்கலாம் என்று பாவாடை சொல்லி அனுப்பியிருக்கிறான். நீ மனது வைத்தால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு ஒரு தாள் கொடுக்கலாம். என்மேல் உள்ள ஆத்திரத்தைப் பூங்குழலிமேல் காட்டாதே. அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

அமிர்தவல்லி


பெரம்பலூர்
12.10.2006

அத்தைக்கு,

ஒரு எண்ணைக் குறைத்து எழுத எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேட்டவர் நீங்கள். இன்று குறைத்து எழுதச் சொல்கிறவரும் நீங்கள். உங்கள் 2004-ஆம் வருஷக் கடிதத்தை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தேன்.

பூங்குழலிக்காக ஒரு வழி சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு அது சுலபமாக இருக்காது.

முதலில் பாவாடைக்கு உங்கள் கையால் கடிதம் எழுதுங்கள். என் தம்பிக்கு எந்த வியாதியும் இல்லை, சாப்பிட வைத்து ரத்தம் கொடுக்கச் சொன்னது நான், அந்தத் தாளைக் காட்டிப் பெண் வேண்டாம் என்றதும் நான் என்று எழுதுங்கள். அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.

பிறகு பதினாறாம் தேதி திங்கட்கிழமை இங்கே வாருங்கள். முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். இட்லி கிடையாது, காப்பி கிடையாது, பெருமாள் பிரசாதம்கூடக் கிடையாது. முதல் பஸ்ஸில் ஏறி வந்து, மற்றவர்களோடு அந்தப் பெஞ்சில் வரிசையில் உட்காருங்கள். உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவேன். நான்தான் ஊசி போடுவேன்.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
17.10.2006

அத்தைக்கு,

நேற்று நீங்கள் வந்தபோது நான் உங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெஞ்சில் ஒரு மணி நேரம் வேண்டுமென்றேதான் உட்கார வைத்தேன். பாவாடைக்கு எழுதிய கடிதத்தின் நகலை என் மேஜையில் வைத்தீர்களே, அதை அங்கேயே இரண்டு முறை படித்தேன். இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதுவதாக இருந்தேன். எழுத முடியவில்லை.

டிரைகிளிசரைடு 176-க்கு இறங்கிவிட்டது. மீதியைப் பலகாரம்தான் ஏற்றியிருக்கிறது. ஆனால் கொலஸ்ட்ரால் 301. அதில் கெட்ட கொழுப்பு மட்டும் 222. இந்த எண் நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

பிறகு போன மாத ரிப்போர்ட்டின் நகலைத் தேடி எடுத்தேன். அதிலும் முதல் கட்டத்தில் 308 என்று இருந்தது. வெள்ளைக் குழாயைப் பார்த்த குஷியில் நான் இரண்டாவது எண்ணை மட்டும்தான் பார்த்தேன். டிரைகிளிசரைடு நானூறைத் தாண்டினால் கெட்ட கொழுப்பைக் கணக்குப் போட முடியாது, அதனால் அந்த இடமும் காலியாக இருந்தது. திரும்ப எடுக்கவும் என்று நான் எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மூன்று வாரம் போய்விட்டது. நெஞ்சில் கல் என்று நீங்கள் எழுதினீர்கள். நடிப்பு என்று நான் எழுதினேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ராஜராஜனைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் இருதய டாக்டரைப் பாருங்கள். தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதீர்கள். படி ஏறாதீர்கள். பாவாடையிடம் இந்தத் தாளை அப்படியே காட்டுங்கள். நான் எதையும் குறைத்து எழுதவில்லை.

புவனேஸ்வரி


அரியலூர்
8.1.2007

புவனா,

திருச்சியில் ஒன்பது நாள் படுத்திருந்தேன். இரண்டு ரத்தக் குழாயில் அடைப்பு. ஒன்றில் ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள், இன்னொன்றுக்கு மாத்திரை. ராத்திரிக்கு ஒரு கொழுப்பு மாத்திரை, ஆயுசுக்கும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உன் மாமா போன வழியிலேயே போயிருப்பேன் என்று டாக்டர் சொன்னார். "யாருங்கம்மா கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். என் தம்பி மகள் என்றேன்.

பாவாடையிடம் இரண்டு தாளையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது போதும். மாத்திரைய நானே கொடுத்துடறேன், நேரத்துக்குப் போடுங்க" என்றான். பூங்குழலிக்கும் பரிசோதித்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. ராஜராஜனுக்குத்தான் 260. அன்று நான் உன்னை விரட்டியது எந்தப் பயத்தாலோ, அது என் வழியாகவே என் மகனுக்குள் இருந்திருக்கிறது.

தை பதினெட்டில் பூங்குழலிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் அவள் மணவறையில் உட்கார மாட்டேன் என்கிறாள். அழகேசனுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். நான்கு வருஷம் கழித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி நான் டாக்டரிடம் சொல்லவில்லை. ராஜராஜனிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சாகும்வரை சொல்ல மாட்டேன். நான் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன். நீயும் தெரிந்தேதான் பேனாவை மூடினாய். யார் கொடுத்த ரத்தம் என்று கேட்டாயே, நம் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். உன் அப்பா உன்னைப் பெருமையாகப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டம் உன் ஞாபகத்துக்கு வரட்டும். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாய் அல்லவா, அதற்கு இது.

அத்தை


பெரம்பலூர்
17.1.2007

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். லேப் முதலாளியிடமும் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றுவிட்டார். குழாய் கழுவுகிறேன். என்மேல் பிடித்துக்கொள்ள உங்களிடம் ஒன்றை விட்டுவைக்க எனக்கு இஷ்டமில்லை.

அப்பா கேட்டுவிட்டு, "அவ என் அக்கா. செத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றார். இன்று ஆறாவது நாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. நீங்கள் அவருக்கு அவ்வளவு செய்தபோது உங்கள்மேல் வராத கோபம், அவருக்கு என்மேல் வந்திருக்கிறது. இதற்காகவும் நான் உங்களை மன்னிக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் வருவார்கள். மாலைக்கும் சேலைக்கும் திருச்சிக்குப் போய் வந்துவிட்டார்கள். அப்பாவுக்குக் காலையில் வயிறாரப் பலகாரம் போடுங்கள். கேசரியும் வையுங்கள். அவருக்கு ஒன்றும் செய்யாது. நீங்கள் தொடாதீர்கள்.

நான் வரவில்லை. பூங்குழலிக்கு என் ஆசி. நீங்கள் எனக்குப் பூ வைத்தபோது கொடுத்த சேலையை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன், நான் ஒரு நாளும் கட்டவில்லை.

ராத்திரி மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். ஏப்ரலில் திரும்பப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, ஞாபகமிருக்கட்டும். ராஜராஜனையும் கூட்டி வாருங்கள். கையெழுத்து வேறு யாராவது போடுவார்கள், ரத்தம் நான்தான் எடுப்பேன். உங்கள்மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் பாதிகூட இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை நீங்கள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

புவனா